அலுமாரிக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூனைக்குட்டி

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். வட்டக்கச்சியில் உங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பழைய நெல் கொட்டிலுக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. தாய் வீதியில் அடிபட்டுச் செத்த பிறகு, மிஞ்சிய ஒரு கறுப்பு வெள்ளைக் குட்டியைச் சாக்குப் போட்டுப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். இப்போது அதற்கு இரண்டரை மாதம் இருக்கும் என்கிறீர்கள். வந்து மூன்று கிழமை. பகல் முழுக்க அலுமாரிக்கு அடியிலேயே கிடக்கிறது. இரவில் எல்லாரும் படுத்த பிறகு வெளியே வந்து, வைத்த சோற்றைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுகிறது. கை நீட்டினால் சீறுகிறது. போன கிழமை உங்கள் கையைப் பிறாண்டி இரத்தமும் வந்திருக்கிறது. ஏழு வயது மகள் தூக்க ஆசைப்பட்டு அழுகிறாள். "காட்டில பிறந்தது வீட்டில தங்காது, கொண்டுபோய் விடு" என்று அம்மா சொல்கிறா. விடத்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

விடவேண்டாம். ஆனால் அதற்கு முன் அந்தப் பிறாண்டல். தடுப்பூசி போடாத தாய்க்குப் பிறந்து வெளியே வளர்ந்த குட்டி அது. இரத்தம் வந்ததென்றால், காயம் ஆறிப்போயிருந்தாலும் இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ. விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். போடவேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். இனி எப்போதாவது கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கோ. மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிவிட்டுப் பேசாமல் இருக்கிற பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுகிற வேலை.

இனிக் குட்டியின் கதைக்கு வருவோம். நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வன்னிக்குள் நெடுங்காலம் வேலை செய்தவள். உத்தியோகம் மாடு, ஆடு, கோழியோடுதான். பூனைகளைப் பழகியது என் வீட்டு வளவில். யுத்தம் முடிந்து, 2010இல் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பி வந்தபோது, கூரையில்லாத வீட்டின் குசினி மூலையில் ஒரு சாம்பல் நிறப் பூனை மூன்று குட்டிகளோடு இருந்தது. நாங்கள் விட்டுப்போன பூனைகளின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ தெரியாது. எங்கள் மணத்தை அறியாத ஒரு பிராணி, எங்கள் வீட்டில் எங்களுக்கு முன்னமே குடியிருந்தது. அந்தத் தாயைக் கடைசி வரைக்கும் என்னால் தொட முடியவில்லை. நான்கு வருசம் என் கையால் சாப்பாடு கண்டது. ஆனால் ஆறடிக்குக் கிட்ட ஒருநாளும் வந்ததில்லை. குட்டிகள் மூன்றும் இரண்டு மாதத்துக்குள் மடியில் படுத்தன.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வயது. பிறந்து 2 கிழமையிலிருந்து 7 கிழமை வரைக்கும் பூனைக்குட்டியின் மனம் திறந்திருக்கிற காலம். அந்த நாட்களில் மனிதரின் கையும் குரலும் மணமும் நல்லமாதிரிப் பழகினால், மனிதர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஆளையே காணாமல் வளர்ந்த குட்டிக்கு நாம் நாயும் நரியும் போல ஒரு பெரிய மிருகம், அவ்வளவுதான். 7 கிழமையோடு கதவு அடித்துச் சாத்தப்படுவதில்லை. மெல்ல மெல்லத்தான் ஒடுங்கிக்கொண்டு போகும். இரண்டு மூன்று மாதக் குட்டி சில கிழமைகளில் வழிக்கு வரும். நான்கு ஐந்து மாதம் தாண்டினால் மாதக்கணக்கு எடுக்கும். வளர்ந்த பூனை அந்தச் சாம்பல் தாயைப்போலவே நின்றுவிடவும் கூடும்.

இரண்டரை மாதம் என்பது உங்கள் கணக்கு. அதைச் சரிபார்க்க நிறையைப் பாருங்கோ. ஒழுங்காகச் சாப்பிட்ட குட்டி ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் என்ற கணக்கில் வளரும். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நின்றால் நீங்கள் சொல்வது சரி. பசியில் வளர்ந்தது குறைவாகவும் நிற்கும். பல்லும் சொல்லும். மூன்றரை, நான்கு மாதத்தில்தான் முன்னுக்கிருக்கிற பால்பல் விழத் தொடங்கும். ஆனால் இதற்காக இப்போது அதைப் பிடித்து வாயைத் திறக்காதேங்கோ. வைத்தியரிடம் போகிற அன்றைக்குப் பார்க்கலாம்.

அம்மா சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். இலங்கையில் சிறுத்தையைத் தவிர காட்டில் வாழ்கிற இன்னும் மூன்று பூனை இனங்கள் உண்டு. மீன்பிடிப் பூனை, சதுப்பிலும் புல்வெளியிலும் திரிகிற காட்டுப்பூனை, துரு நிறப் புள்ளிகள் கொண்ட மிகச் சிறிய பூனை. வயல் கரையிலும் குளக்கரையிலும் அவற்றின் குட்டிகளைக் கண்டு, அநாதை என்று நினைத்துத் தூக்கிவந்துவிடுகிறார்கள். உண்மையில் தாய் இரை தேடப் போயிருக்கும். உடம்பில் வரிசையாகப் புள்ளி, கட்டை வால், காது நுனியில் மயிர்க்கற்றை என்று ஏதும் தெரிந்தால் எடுத்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அந்தக் குட்டி உண்மையாகவே வீட்டில் தங்காது, தங்கவும் கூடாது. உங்களுடையது கறுப்பு வெள்ளை. அது வீட்டுப்பூனைதான். காட்டில் பிறந்ததேயொழியக் காட்டுக்குப் பிறந்ததல்ல. அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கோ.

நீங்கள் செய்ததில் இரண்டு விஷயங்கள்தான் அதைத் தள்ளி வைத்திருக்கின்றன.

முதலாவது இடம். அலுமாரியின் அடி அதற்கு ஒரு குகை. அங்கேயிருந்து அது பார்க்கிறது உங்கள் கால்களைத்தான், ஒருநாளும் முகத்தையல்ல. வீடு முழுக்க அதற்குத் திறந்து கிடந்தாலும் அந்த ஒரு முழ இருட்டைத் தவிர வேறெதுவும் அதற்குச் சொந்தமில்லை. பயந்த குட்டிக்குச் சின்ன இடம் கொடுக்கவேண்டும். வீட்டுத்திட்ட வீடுகளில் அதற்கென்று தனி அறை எங்கே கிடைக்கும்? ஒரு பெரிய கோழிக்கூட்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு எடுங்கோ. மூன்று பக்கத்தையும் பழைய சாரத்தால் மூடி, ஹோலில் சனம் அதிகம் நடக்காத ஒரு மூலையில் மேசை உயரத்துக்கு வையுங்கோ. நிலத்தில் வைத்தால் நாம் மேலேயிருந்து குனிகிற ஆட்கள். உயரத்தில் வைத்தால் முகத்துக்கு முகம். உள்ளே வைக்க, மூடிய ஒரு மட்டைப்பெட்டியில் ஒரு ஓட்டை வெட்டிவிடுங்கோ. ஒளிக்க இடமில்லாத குட்டி பழகாது, ஒடுங்கிப்போகும். ஒளிக்கட்டும், ஆனால் நீங்கள் தெரிகிற மாதிரி ஒளிக்கட்டும். ஒரு பக்கத்தில் தட்டையான பேசினில் சுத்தமான மணல், மற்றப் பக்கத்தில் தண்ணீர். மணலுக்குப் பதிலாகச் சாம்பல் போடாதேங்கோ. ஈரப்பட்டால் காலை எரிக்கும், அதை நக்கவும் செய்யும். தகரக் கூரைக்குக் கீழே என்றால் மத்தியான வெக்கையில் அந்த மூலை எப்படியிருக்கிறது என்று நீங்களே பத்து நிமிடம் இருந்து பாருங்கோ.

அலுமாரிக்கு அடியிலிருந்து எடுக்கத் தும்புத்தடி போட்டுக் கலைக்கவேண்டாம். அந்த மட்டைப்பெட்டியை அலுமாரியின் வாயிலேயே வைத்து இரவுச் சாப்பாட்டை அதற்குள் வையுங்கோ. இரண்டு இரவில் அது பெட்டிக்குள் போய்ச் சாப்பிடப் பழகும். மூன்றாம் நாள் அது உள்ளே இருக்கிறபோது பெட்டியின் ஓட்டையைத் துவாயால் மூடி அப்படியே கூட்டுக்குள் மாற்றலாம்.

இரண்டாவது சாப்பாடு. இதுதான் முக்கியம். நீங்கள் நித்திரையான பிறகு கிடைக்கிற சோறு உங்களிடமிருந்து வந்தது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? ஆட்கள் இல்லாத நேரமே நல்ல நேரம் என்று மூன்று கிழமையாக நீங்களே அதற்குப் படிப்பித்திருக்கிறீர்கள். இன்றிலிருந்து கோப்பையை இரவில் விட்டுவிட்டுப் போகிற வழக்கத்தை நிறுத்துங்கோ. இந்த வயதுக் குட்டிக்கு நாளுக்கு நான்கு நேரம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு நேரமும் நீங்கள் கொண்டுபோய் வைத்து, அங்கேயே இருக்கவேண்டும். அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கோ. இது பட்டினி போட்டுப் பழக்குகிற வித்தை அல்ல, அதை நான் வெறுக்கிறேன். ஒரு நாள் முழுக்கத் தின்ன மறுத்தால் கோப்பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கோ. சின்ன உடம்பு பசியைத் தாங்காது. தண்ணீரை மட்டும் ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

என்ன கொடுப்பது என்று பலரும் கேட்பார்கள். சோற்றில் குழம்பு ஊற்றிக் கொடுக்கிற வழக்கத்தை விடுங்கோ. வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு, உப்பும் கூடாது. கருவாடும் அப்படியே. பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. அவித்து முள்ளெடுத்த மீன், கோழி, முட்டை, முடிந்தால் கடையில் விற்கிற குட்டிப்பூனைத் தீன். இறைச்சியோடு கொஞ்சம் சோறு கலந்தால் குற்றமில்லை, வெறும் சோறு போதாது. பசுப்பாலும் பால்மாவும் கரைத்து வைத்தால் ஆசையாகக் குடிக்கும், பேந்து வயிற்றால் போகும். அவித்த கோழி ஈரலில் ஒரு நகமளவு துண்டை மாத்திரம் தனியாக எடுத்துவையுங்கோ. அது உங்கள் கையிலிருந்து தவிர வேறெங்கும் கிடைக்கக்கூடாது.

இனித்தான் தூரத்தைக் குறைக்கிற வேலை. முதல்நாள் கோப்பையை வைத்துவிட்டுக் கூட்டிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, பக்கவாட்டாகத் திரும்பி, நிலத்திலோ சின்னக் கதிரையிலோ இருங்கோ. அது தின்னத் தொடங்கும் தூரம் எதுவோ அதுவே உங்கள் தூரம். அடுத்த நேரம் ஒரு சாண் கிட்ட. தின்றால் அங்கேயே இரண்டு நேரம். தின்னாமல் பின்வாங்கினால் நீங்கள் இரண்டு சாண் பின்னுக்கு. எத்தனை நாள் எடுக்கும் என்பதைக் குட்டிதான் முடிவு செய்யும். வெள்ளாமை அவசரத்தில், லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரச் சத்தத்தில், ஒருநாள் இரண்டு சாண் பின்னுக்குப் போகிறதென்றால் போகட்டும். கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கிய பிறகு, அகப்பைக் காம்பின் நுனியில் ஈரலை மசித்துத் தடவி நீட்டுங்கோ. காம்பை நக்கிய குட்டி சில நாளில் விரலையும் நக்கும்.

பார்க்கிற பார்வையும் முக்கியம். வைத்த கண் வாங்காமல் பார்ப்பது பூனைகளுக்குள் சண்டைக்கு அழைக்கிற பார்வை. பாதிக் கண்ணை மெல்ல மூடித் திறந்து, பேந்து வேறு பக்கம் பாருங்கோ. இப்படிக் கண்ணைச் சுருக்கி மெல்ல இமைக்கிற ஆட்களுக்குப் பூனைகளும் அப்படியே இமைத்துப் பதில் சொல்கின்றன, அவர்களின் கையை நாடி வரவும் கூடுதலாக விரும்புகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். அந்த ஆய்வைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தச் சாம்பல் தாயின் நினைவு வந்தது. ஆறடி தள்ளியிருந்துகொண்டு அது எனக்குக் கண்ணை மூடித் திறந்து காட்டிய நாட்கள் உண்டு. கிட்ட வரவில்லை என்ற கவலையில், அது சொன்னதை நான் கேட்கவேயில்லை.

சீறுவதைப் பற்றி மகளுக்கு விளங்கப்படுத்துங்கோ. சீறல் கோபம் இல்லை. "கிட்ட வராதே, எனக்குப் பயமாயிருக்கு" என்று அதற்குத் தெரிந்த ஒரே சொல். காது பின்னுக்குப் படிந்து, கண்மணி அகன்று, உடம்பு ஒடுங்கியிருக்கிறபோது கை நீட்டினால், அது சொல்வதை நாம் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். சொல்லிக் கேட்காத ஆளைத்தான் அது பேந்து பிறாண்டும். சீறினால் கையைப் படாரென்று இழுக்காமல் அப்படியே நிறுத்தி, மெல்ல எடுங்கோ.

மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதுவும் உங்களால் செய்யமுடியாத வேலை. பின்னேரம் பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து வாய்விட்டு வாசிக்கட்டும். அரை மணித்தியாலம். குட்டியைப் பார்க்கவும் கூடாது, தொடவும் கூடாது, வாசிப்பு மட்டும். ஒரே சீரான மெல்லிய குரல், அசையாத ஒரு சின்ன ஆள், இதைவிட நல்ல ஆசிரியர் அந்தக் குட்டிக்குக் கிடைக்காது. அவள் இரவு போட்டுப் படுத்த சட்டையைக் கழுவாமல் பெட்டிக்குள் விரித்துவிடுங்கோ. பூனை ஆளைக் கண்ணைவிட மூக்கால்தான் அறியும். அந்த மணத்தின் மேல் நித்திரை கொண்ட குட்டிக்கு மகள் அந்நியம் இல்லை.

விளையாட்டு கெதியாக வேலை செய்யும். தென்னை ஈர்க்கில் ஒரு முழ நூல் கட்டி, நுனியில் கோழி இறகு. இறகை அதன் முகத்துக்கு நேரே ஆட்டாமல், எலி ஓடுகிறமாதிரி அதற்கு விலகி ஓடவிடுங்கோ. வேட்டை மனம் எழும்பினால் பயம் கொஞ்ச நேரம் மறந்துபோகும். சில நாளில் உங்கள் காலைத் தாண்டி ஓடும், அப்படி ஓடியதை அது கவனித்திருக்கவும் மாட்டாது. முடிந்ததும் நூலை எடுத்து ஒளித்துவையுங்கோ. விழுங்கிய நூல் குடலை அறுக்கும்.

தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. விரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டி வைத்துக்கொண்டு இருங்கோ. அது வந்து மணந்து, கன்னத்தை உரசினால்தான் அனுமதி. கன்னம், நாடி, காதடி, இந்த மூன்று இடம். தலைக்கு மேலால் கை வரக்கூடாது, வயிற்றைத் தொடக்கூடாது. மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கோ. தலையைத் திரும்பவும் உங்கள் கைக்குள் தள்ளினால் தொடரலாம். விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான். இந்த நிறுத்தம்தான் அதற்கு நம்பிக்கையைக் கொடுக்கிறது, நீ வேண்டாமென்றால் நான் விடுவேன் என்று.

இதை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். அந்த மூன்று குட்டிகளில் மஞ்சள் நிறத்தது என் விரலை நக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் உறவினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில் பிடரியில் பிடித்துத் தூக்கினேன். அது அலறி, என் பெருவிரலைக் கடித்து, விறகுக் குவியலுக்குள் போய்விட்டது. மூன்று கிழமை உழைப்பு ஒரு நிமிடத்தில் போயிற்று. மற்ற இரண்டும் மடிக்கு வந்த பிறகும் அது தூரத்திலேயே நின்றது. பேந்து கூட்டுக்குள் வைத்து முதல் சாணிலிருந்து திரும்பத் தொடங்கினேன். ஆனால் இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கெதியாக வந்தது. பயந்து பின்வாங்கிய குட்டி எல்லாவற்றையும் மறப்பதில்லை. இடி, வெடி, கோயில் ஒலிபெருக்கி, புது ஆட்கள் என்று எதற்காவது அது மறுபடி ஒளித்தால் மனம் உடையாதேங்கோ. இரண்டு படி பின்னுக்குப் போய்த் தொடங்குங்கோ.

பழகிவருகிறது என்பதற்கு அடையாளங்கள் சின்னன் சின்னனாக வரும். உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்னும். நீங்கள் இருக்கிறபோது உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். வால் நிமிர்ந்து வரும். ஒருநாள் கோப்பையோடு போகிறபோது "மியாவ்" என்று கூப்பிடும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படிக் கத்துவது அரிது, மனிதரைக் கூப்பிடத்தான் அந்தக் குரலை வைத்திருக்கின்றன. வெளியில் வளர்ந்த குட்டி சத்தமே போடாமல் இருக்கும். ஆனபடியால் அந்த முதல் கூப்பிடு கேட்கிறபோது மகளையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கோ.

மருந்து விஷயம் சுருக்கமாக. கையில் சாப்பிடத் தொடங்கியதும் கூடையில் வைத்து கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கோ. பூச்சி மருந்து கட்டாயம், மூன்று மாதமானதும் விசர்நோய்த் தடுப்பூசி. பெட்டை என்றால் நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஆகவே கருத்தடைக்கு நாள் இப்போதே கேட்டுவையுங்கோ. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்துவிடாதேங்கோ, சின்னத் துண்டே கொன்றுவிடும். நாய்க்கு விற்கிற தெள்ளு மருந்திலும் பூனைக்கு உயிர்போகிற வகை இருக்கிறது. நெல் மூட்டைக்குள் எலிப் பாசாணம் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கோ.

அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்லலாம். வயிறு நிறையச் சாப்பாடு போட்டால் எலி பிடிக்காது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நம்புகிறார்கள். அப்படியில்லை. வேட்டை பசியால் மட்டும் வருவதல்ல, வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். நெல்லும் தப்பும், குட்டியும் வீட்டோடு நிற்கும்.

கூப்பிட்டால் வருகிற நாள் வரைக்கும், கருத்தடை முடிகிற வரைக்கும், படலைக்கு வெளியே விடவேண்டாம். இருட்டினால் உள்ளே இருக்கவேண்டும். பாம்பும் நாயும் நரியும் உள்ள இடத்தில் இரண்டரை மாதக் குட்டிக்கு இரவு நல்லதல்ல.

இன்றைக்கு இரவு மட்டைப்பெட்டியை அலுமாரி வாயில் வையுங்கோ. கூட்டுக்குள் மாற்றிய பிறகு முதல் கோப்பையை எத்தனை அடியிலிருந்து தின்றது என்று எனக்கு எழுதுங்கோ.